மொட்டை மாடியிலிருந்து முதல் படம்

“மொதல்ல அந்தப் படத்தை அழிங்க! காப்பியெல்லாம் அப்புறம் குடிக்கலாம்!”

காலை ஏழு மணிக்கே, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படி ஏறிவிட்டார் தரணீதரன். தெருக்கோடியில் இருக்கும் சாயப்பட்டறையின் முதலாளி. கையிலிருந்த போனில் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் திறந்திருந்தது.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் முருகேஷ், தூங்காத கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

“எந்தப் படங்ணா?”

“விடியக்காலம் மூணு மணிக்கு குரூப்புல போட்டுப்போட்டு, எந்தப் படமுங்கறீங்க!” போனை முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஒரே கருப்பு. அதன் நடுவே செக்கச் செவேலென்று பரவிக் கிடந்தது ஒரு சிவப்பு. நுரைத்துளி மாதிரி அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். அடியில் முருகேஷ் எழுதியிருந்தார்: ‘புது டெலஸ்கோப், புது கேமரா. நம்ம மொட்டை மாடியில இருந்து முதல் படம். எப்படிச் செவந்து கெடக்குதுன்னு பாருங்க. பழகப் பழக இன்னும் தெளிவா எடுத்துப் போடறேன்.’

“நல்லாத்தானுங்ணா வந்திருக்குது?”

“நக்கலுங்களா? போன வாரம் எங்க கேட்டுக்கு வந்து அத்தனை பேரு முன்னாடி கத்துனீங்களே, கம்பத்து லைட்டை நிறுத்துன்னு! எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது.”

முருகேஷுக்கும் சுருக்கென்று ஏறியது. “கத்தாம என்னங்ணா பண்றது? அந்த லைட்டு எங்க மாடி பூரா அடிக்குது. பத்து நாளா ஒரு படம் தேறலை. நேத்துத்தான் நீங்க நிறுத்துனீங்க. ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ஊடேறி வந்து சண்டைக்கு நிக்கறீங்க!”

“தேங்க்ஸா!” தரணீதரனின் கழுத்து நரம்பு புடைத்தது.

சத்தம் கேட்டுத் தெருவில் ஏழெட்டு பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் அந்தப் பட்டறைமேல் ஆத்திரம் உண்டு. ஆறு மாதமாகத் தெருவில் எல்லா போர்வெல்லிலும் தண்ணீர் நிறம் மாறி வருகிறது. குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. பட்டறைக்காரர் ஓடையில் சாயத்தண்ணீர் விடுகிறார் என்று இரண்டு தடவை மனு கொடுத்தார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டு அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உள்ளேயிருந்து முருகேஷின் மனைவி சண்முகப்பிரியா வந்தாள். அவளுக்கு வேறு கோபம்.

“நல்லாக் கேளுங்ணா! அந்த டெலஸ்கோப்புக் குழாய் வந்ததுல இருந்து இவரு ஊட்டு மனுசனே இல்லீங்க. புள்ளைக்குக் கையெல்லாம் அரிச்சுப் புண்ணாக் கெடக்குது, டாக்டருகிட்டப் போலாம் வாங்கன்னா, ‘இரு, ஃபோகஸ் கெட்டுப்போயிரும்’ங்கறாரு!”

தரணீதரன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. “எத்தனை நேரம் எடுத்தீங்க?”

“மூணு மணி நேரமுங்க. ரெண்டு ரெண்டு நிமிசமா தொண்ணூறு படம். கம்ப்யூட்டர்ல ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குனாத்தான் இந்தக் கலரு வரும்.”

“தொண்ணூறா?” அவர் முகம் வெளுத்தது. “அந்தக் கும்மிருட்டுல எப்படிங்க தெரிஞ்சுது?”

“இருட்டா இருந்தாத்தானுங்ணா தெரியும்.”

“எவன் துப்புச் சொன்னது? எங்க வாட்ச்மேனா?”

“இதுக்கு வாட்ச்மேன் எதுக்குங்க? எத்தனை மணிக்கு எங்க வரும்னு போன்லயே ஆப் இருக்குது.”

“அதுக்கும் ஆப்பு வந்துருச்சா!” தரணீதரன் திண்டாடிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். “இந்தா பாருங்க முருகேஷு, ஒரே ஒரு ராத்திரி. அதுக்காக என் பட்டறைக்குச் சீல் வெச்சுப்போடாதீங்க.”

“ஏனுங்ணா, அது வந்து…” என்று சண்முகப்பிரியா வாயெடுத்தாள். முருகேஷ் கையை நீட்டித் தடுத்தார். அவர் கண்ணில் இப்போது தூக்கமே இல்லை.

“அழிச்சர்றேனுங்ணா. தொண்ணூறையும் அழிச்சர்றேன். ஆனா அதுல இருக்கறது என்னன்னு இவங்க முன்னாடி நீங்களே ஒருக்காச் சொல்லிப்போடுங்க.”

“சொன்னா அழிச்சிருவீங்களா?”

“முருகன்மேல சத்தியமுங்க.”

“சாயத் தண்ணிதானுங்க! போதுமா?” தரணீதரன் கத்தினார். “சுத்தம் பண்ற மெசினு ஆறு மாசமா ஓடலை. எப்பவும் மழை நாளாப் பார்த்துத்தான் ஓடையில விடுவேன். நேத்து தொட்டி ரொம்பிப்போச்சு. லைட்டை நிறுத்திட்டு வால்வைத் தொறந்தேன். இப்ப அழிங்க!”

தெருவில் நாலைந்து போன்கள் அவர் முகத்துக்கு நேரே உயர்ந்திருந்தன.

முருகேஷ் புள்ளையின் கையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார். சொன்ன சொல் தவறாமல், முதலில் குரூப்பில் இருந்த படத்தை அழித்தார்.

“அந்தக் குழாய் உங்க பட்டறைப் பக்கம் திரும்பவே இல்லீங்ணா,” என்றார். “வானத்துல மூணு நட்சத்திரம் வரிசையா நிக்குமில்லீங்க, அதுக்குக் கீழ, புது நட்சத்திரம் பொறக்கற மேகம் ஒண்ணு இருக்குது. நெபுலாம்பாங்க. நான் எடுத்த செவப்பு வெளிச்சம் அங்கிருந்து கெளம்பி ஆயிரத்து முந்நூறு வருசமாச்சுங்க.”