கப்டனின் கணுக்கால்

ஐஸ் பையைக் கணுக்காலில் வைத்து அழுத்தியபோது இராஜசிங்கம் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மர்சூக்தான் முகத்தைச் சுளித்தார்.

"ரொம்ப வலிக்குதா கப்டன்?"

"வலி அவருக்கா, உங்களுக்கா?" என்றாள் பாலேஸ்வரி. மாத்தளையில் அந்தச் சின்ன பிசியோதெரபி அறையை நடத்துகிறவள் அவள். அடிபட்டு வருகிற விளையாட்டுக்காரர்களை அவளுக்குப் பிடிக்கும். கூட வருகிற கோச்சுகளைக் கண்டால் ஆகாது.

மர்சூக், உக்குவளையில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோச். கட்டிலில் கிடந்த இராஜசிங்கம் அதன் கப்டன். காலிறுதிப் போட்டியில் பிசகிய கணுக்கால் வெள்ளரிப்பழமாக வீங்கியிருந்தது. அந்தக் கழகம் பிறந்த நாளிலிருந்து ஒரு கிண்ணமும் வாங்கியதில்லை. இந்த வருடம்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

"மிஸ், பைனல் வரைக்கும் போனா, அதுக்கு முன்னால கால் சரியாயிருமா?"

"கிண்ணத்துல இருக்கிற அக்கறை இந்த மனுஷன் கால்ல இல்லையே நானா." அண்ணன் என்று பொருள்படும் அந்த 'நானா'வில் மரியாதை குறைவாகவே இருந்தது.

"அப்பிடி இல்ல மிஸ். ஆடலாமா, ஆடக் கூடாதா, ஒண்ணச் சொல்லிட்டீங்கன்னா..."

"தசைநார் கிழிஞ்சிருக்கு. இது என்ன லொறி டயரா, ஒட்டுப் போட்டு இன்னைக்கே ஓட்டுறதுக்கு?"

மர்சூக் கப்டனின் காலையே பார்த்தார். இந்த மாதிரி ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பாதி ஆறிய காலோடு ஆளை மைதானத்துக்கு இழுத்துப் போவார்கள். மறுபடி அடிபட்டால் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

கப்டனோ தங்கமான நோயாளி. சொன்ன நேரத்துக்குத் தன் லொறியில் வந்து இறங்கினார். வீக்கம் வற்றியதும் அவள் அல்ட்ராசவுண்ட் பிடித்தாள், மின்தூண்டல் கொடுத்தாள், ஆடும் பலகையில் ஒற்றைக் காலில் நிற்க வைத்தாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். வாய் மட்டும் ஓயவில்லை.

"ஜேர்சி, பந்து, வெளியூர் போக லொறி, எல்லாம் நம்ம செலவுதான் மிஸ். ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல."

இதை அவர் தினமும் சொன்னார்.

அரையிறுதி முடிந்த மறுநாளும் அப்படித்தான். "நான் இங்க காலத் தூக்கிப் போட்டுப் படுத்திருக்கேன், நான் கூட ஆடுறப்ப ஒரு கோலுக்கே திண்டாடுற பொடியன்க நாலு கோல் அடிச்சிருக்கானுங்க. என்னைய மனசுல நெனச்சுத்தான் ஆடினாங்களாம். அப்பிடித்தானே நானா?"

"ஆமா கப்டன்," என்றார் மர்சூக். முகத்தில் சிரிப்பில்லை. நாலு கோலும் போதவில்லை போலிருக்கிறது இந்த ஆளுக்கு, என்று நினைத்துக்கொண்டாள் பாலேஸ்வரி.

ஊர் பதற்றமாகி அந்த வெள்ளிக்கிழமை ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். நாவுலப் பக்கம் பஸ்கூட ஓடவில்லை. நாவுல அணியோடு ஞாயிறு நடக்கவிருந்த இறுதிப் போட்டி இரண்டு வாரம் தள்ளிப் போனது.

ஊரடங்கு தளர்ந்ததும் கப்டனோடு வந்த மர்சூக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு கிழம மிஸ். யா அல்லாஹ், முழுசா ரெண்டு கிழம."

பாலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெளிய போன புள்ள வீடு திரும்புமான்னு தாய்மாருங்க வாசல்ல நிக்கிறாங்க. உங்களுக்குப் பந்து உதைக்கிற நாள் தள்ளிப் போனதுதான் கவலையா? நீங்கெல்லாம் மனுஷனா?"

மர்சூக் வாயைத் திறந்தார். கப்டனைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் வீம்போடு வேலை செய்தாள். இந்தப் பேராசைக்காரருக்காக அல்ல, பாவம் அந்தக் கப்டனுக்காக. பலகைப் பயிற்சியைக் கூட்டினாள், கணுக்காலுக்குப் பட்டி சுற்றி முற்றத்தில் நடக்கவிட்டாள், பிறகு ஓடவிட்டாள். கால் தேறத் தேற மர்சூக்கின் முகம் வாடிக்கொண்டே வந்தது. பொறுமையில்லாத மனுஷன், இன்னும் வேகம் வேண்டுமாக்கும் என்று அவள் உதட்டைச் சுழித்தாள்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் கப்டன் முற்றத்தில் வளைந்து வளைந்து ஓடினார். நொந்த காலாலேயே நொண்டியடித்தும் காட்டினார். வீக்கமில்லை, வலியில்லை.

"நாளைக்கு முழு ஆட்டமும் ஆடலாம்," என்றாள் பாலேஸ்வரி. அவளுக்கே பெருமையாக இருந்தது.

கப்டன் அவளைக் கும்பிட்டார். "நாளைக்கு நடுவுல நான்தான் நிப்பேன் நானா. கடைசி விசில் வரைக்கும் வெளிய வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு லொறியைத் தானே எடுக்கப் போனார்.

மர்சூக் நகரவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஆனந்தக் கண்ணீர் வேறா, என்று பாலேஸ்வரிக்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்கு நன்றியெல்லாம் வேணாம். போய் உங்க கிண்ணத்தக் கட்டிப் புடிச்சுக்கங்க."

மர்சூக் ஜன்னல் வழியாக லொறியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மிஸ், நாளைக்கு மட்டும் அவரோட மத்தக் கால ஒருக்காச் சுளுக்க வைக்க ஏலாதா?"