தலைவரின் கண்டனக் கடிதம்

இங்கிலாந்தில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் இந்த வருடத்தின் நான்காவது பயிற்சியாளரையும் நீக்கிவிட்டது. கொதித்துப்போனவரோ, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் தமிழ் விளையாட்டுக் கழகம் நடத்தும் தலைவர் சபாலிங்கம்.

"அந்தக் கழக முதலாளிக்கு ஒரு கடிதம், கிளமென்ற். நான் சொல்லச் சொல்ல இங்கிலீசில எழுதும்."

கிளமென்ற் கணினியைத் திறந்தார். சபாலிங்கத்தின் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். அணி ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. பதவி தப்புமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"காசைக் கொட்டி நாடு நாடாய் ஆள் பிடிச்சது நீர். ஒருத்தன்ர பேர் மற்றவனுக்குத் தெரியாது. பிறகு பயிற்சியாளர் என்ன செய்யிறது? எழுதினீரோ?"

"ஓம் அண்ணை."

கிளமென்றுக்கு உயிர் வந்தது. பாரிசிலும் லண்டனிலும் இருந்து விமானச்சீட்டுப் போட்டு தங்கள் அணிக்கு எட்டுப் பேரை இறக்கியவரும் இதே தலைவர்தான்.

"உங்களுக்கு எவ்வளவு நியாயமான மனசு, அண்ணை!"

"மனச்சாட்சி இருந்தால் அவரைத் திருப்பி எடும் எண்டு எழுதி முடிச்சுவிடும்."

முடித்தார்.

"இனி அடுத்த கடிதம். இது தமிழில."

"ஆருக்கு அண்ணை?"

"எழுதுமன். 'அன்புள்ள கிளமென்ற், இதுவரை நீர் ஆற்றிய சேவைக்கு நன்றி.' கொஞ்சம் கண்ணியமா எழுதும் ஐசே. நாங்கள் அந்த முதலாளி மாதிரி ஆக்களில்லை."