மூன்றாவது கூடு

"மறுபடியும் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா," என்றார் கணவர். மனைவி தலையைக் குனிந்தபடி தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உடைந்த கைக்கு மாவுக்கட்டுக்குப் பதிலாக, த்ரீடி பிரிண்டரில் பிளாஸ்டிக் கூடு செய்து தரும் கடை அது. அவளுக்கு இந்த வருஷம் இது மூன்றாவது கூடு.

"எப்படிக்கா விழுந்தீங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"அதான் நான் சொன்னேனேம்மா," என்றார் கணவர்.

 கடைக்காரப் பெண் கையை ஸ்கேன் செய்துகொண்டாள்.

மறுநாள் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, மனைவியிடம் கூட்டை விரித்துக் காட்டிவிட்டு, கடைக்காரப் பெண்ணே அதை மாட்டிவிட்டாள். மனைவி முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா வழுவழுன்னு இருக்கே," என்று கூட்டைத் தடவிப் பார்த்தார் கணவர்.

ஒரு வாரம் கழித்து அவர் மட்டும் வந்தார். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். கூட்டைக் கழற்றிய கை. கூட்டின் உள்பக்கம் கடைக்காரப் பெண் யாருக்கும் தெரியாமல் புடைப்பாக அச்சடித்திருந்த தன்னுடைய போன் நம்பர், சிவந்த தோலில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

"கண்ணாடில காட்டிப் படிச்சேம்மா," என்றார் அமைதியாக. "இனிமே உங்க கூடு வேணாம். இப்ப ரெண்டு கைக்கும் மாவுக்கட்டு போட்டாச்சு."