மாடி வீட்டு ஏசி

"வேணும்னே பண்றா அந்த மாடி வீட்டுப் பிரம்பு டீச்சர்!"

ஹெட்போனைக் கழற்றி எறியாத குறையாக மேஜையில் வைத்தான் அவன். மணி மூன்றேகால்.

பெட்ரூமையே ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டு புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிறவன். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, காற்றுக்கு வழியில்லை. மைக் திறந்திருக்கும்போது ஏசி, ஃபேன் எதுவும் ஓடக் கூடாது. அதனால் முதலில் ஒரு மணி நேரம் ஏசியை ஓட்டி அறையை ஜில்லென்று ஆக்குவான். பிறகு அதை நிறுத்தி, காலடியில் ஒரு டப் நிறைய ஐஸ் பாட்டில்களை வைத்துக்கொண்டு, பனியனும் துண்டுமாக உட்கார்ந்து படிப்பான். இருபது நிமிஷம் தாங்கும். அதற்கு மேல் போனால் மனுஷனும் வெந்துவிடுவான், கம்ப்யூட்டரும் ஊளையிட ஆரம்பித்துவிடும்.

இன்று நாலு மணிக்குள் முதல் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். "துளி இரைச்சல் இருந்தாலும் வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று பதிப்பகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு வேலை. ஆபீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவனுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை.

முதல் தடவை கூரியர்காரர் பெல் அடித்துக் கெடுத்தார்.

"காலையிலேயே சொன்னேன், வாசல் சிவப்பு பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு. உள்ள ரெக்கார்டிங் நடக்குறது அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

"எரிஞ்சா மட்டும்? அதையெல்லாம் யாரு பாக்குறா!"

இப்போது இரண்டாம் தடவை, கடைசிப் பக்கத்தில் சுவர் உறுமியது. மாடி வீட்டு ஏசியின் பெட்டி இந்தச் சுவருக்கு வெளியேதான் தொங்குகிறது.

"ரெண்டு வருஷத்துல இந்தச் சத்தம் ஒரு நாளும் வந்ததில்லையேங்க?"

"எப்படி வரும்? கரண்ட் பில்லுக்குப் பயந்து பகல்ல ஏசியே போடாத கஞ்சம்! என் பொழைப்புல மண்ணைப் போடணும்னு இன்னிக்குப் பாத்து போட்டிருக்கா. வண்டியைப் படிக்குக் கீழ நிறுத்தாதீங்கன்னு போன வாரம் முறைச்சா இல்ல, அந்தக் கடுப்பு."

"கோவப்படாம பேசுங்க..."

அவன் காதில் வாங்கவில்லை. தோளில் துண்டோடு இரண்டிரண்டு படியாகத் தாவினான். கதவைத் தட்டிய தட்டில் தெருவே எட்டிப் பார்த்திருக்கும்.

டீச்சர் திறந்தாள். சிரித்தே பழக்கமில்லாத அதே முகம்.

"முதல்ல அந்த ஏசியை நிறுத்துங்க! ஒருத்தன் கீழ சோத்துக்கு வேலை பாக்குறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"ஐயையோ, ரெக்கார்டிங்கா நடக்குது?"

பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே ஓடினாள். உறுமல் நின்றது. ஜன்னல்கள் படபடவென்று திறந்தன.

அப்போதுதான் கட்டிலைப் பார்த்தான். இடுப்பில் ஆபரேஷன் கட்டோடு அவள் கணவர், புரள முடியாமல் மல்லாந்து கிடந்தார். அதற்குள் நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது. டீச்சர் ஒரு பரீட்சை அட்டையை எடுத்து அவருக்கு விசிறத் தொடங்கினாள். அந்த அட்டை தலையணைக்குப் பக்கத்தில் தயாராகவே இருந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"டீச்சர்... சார் இப்படி இருக்காருன்னு தெரியாது. ஏசியைப் போட்டுக்குங்க. நான் வேணா..."

"வேணாம் தம்பி, எங்களுக்குப் பழகிடுச்சு. நீங்க போய் வேலையை முடிங்க."

"பழகிடுச்சா?"

விசிறும் கை நிற்கவில்லை.

"உங்க வாசல்ல சிவப்பு பல்பு எரிஞ்சா நாங்க ஏசியை அணைச்சிடுவோமே, ரெண்டு வருஷமா அப்படித்தானே? இன்னிக்கும் பால்கனியிலேர்ந்து நாலு தடவை எட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன். பல்பு எரியவே இல்லையே தம்பி!"