வணக்கம் வைத்த வாத்து

"ஏழு தடவை. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, அந்த வாத்து என்னைப் பார்த்து ஏழு தடவை தலை குனிஞ்சு வணக்கம் வச்சது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் பறவை பார்ப்போர் சங்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். காலையில் ஏரியிலிருந்து திரும்பி மனைவியிடம் சொன்னபோது வணக்கம் இரண்டாக இருந்தது. பால் வாங்கும் இடத்தில் நான்கானது. சங்கத்தின் மாடிப்படி ஏறுவதற்குள் ஏழு. நல்ல செய்தி என்றால் வளரத்தானே செய்யும்?

செயலாளரான பல் டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அடையாளம் சொல்லுங்க."

"தலை பச்சை. மூஞ்சி பூரா சிவப்பா கொப்புளம் கொப்புளமா. உடம்பு கறுப்பும் வெள்ளையும். ரெண்டு இனம் கலந்த வாத்து சார். என் செருப்புக்கிட்ட வந்து நின்னுச்சு."

"போட்டோ?"

"வணக்கம் வைக்கிறவங்களுக்குப் பதில் வணக்கம் வைப்பேனா, கேமராவைத் தேடுவேனா?"

அறையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்படி ஒரு வாத்து அந்த ஏரியில கிடையாது. பட்டியல்ல ஏறாது. பொய்த் தகவல் கொடுத்ததுக்காக உங்களை ஒரு வருஷம் விலக்கி வைக்கிறேன்."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூக்கு நுனி சிவந்தது. ஒன்பது வருடம் கொசுவுக்கு ரத்த தானம் செய்தும் அவர் பெயரில் ஒரு புதுப் பறவை பட்டியலில் ஏறியதில்லை. இன்று ஒன்று தானாக நடந்து வந்தால், பொய்யனாம்.

"முப்பத்தாறு வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டினவன் சார் நான். பச்சை எது, சிவப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பொருளாளர் டீச்சர் குறுக்கே வந்தார். "யார் வீட்டிலயாவது வளர்த்தது தப்பிச்சு வந்திருக்கலாமே, டாக்டர்?"

டாக்டர் மேசையைத் தட்டினார். "வாத்து வளர்த்து ஏரிப்பக்கம் தப்ப விடுறவன் எவனா இருந்தாலும் சங்கத்தை விட்டு வெளியே போகணும். அந்த விதியை எழுதினதே நான்தான் டீச்சர். அப்படி ஒரு வாத்தே இல்லைங்கிறேன், அப்புறம் என்ன வளர்ப்பு?"

எண்ணிக்கை விஷயத்தில் டாக்டர் நெருப்பு. நாற்பத்தொரு கொக்கைச் 'சுமார் நாற்பது' என்று எழுதியவரைக் கொட்டும் மழையில் மறுபடி எண்ண அனுப்பியவர். தப்பான எண்ணைக் கேட்டால் அவருக்கே பல் கூசும்.

ஸ்டேஷன் மாஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். மனசு ஆறவில்லை. திரும்பினார்.

"விலக்கிக்கோங்க. ஆனா நான் பார்த்தது பார்த்ததுதான். நிதானமா யோசிச்சா ஏழுகூட இல்ல, ஒன்பது. ஒன்பது வணக்கம். எழுதிக்கோங்க."

"ஒன்பதா?" டாக்டர் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "வாய்க்கு வந்ததை அளக்காதீங்க ஐயா. அது ரெண்டே ரெண்டு தடவைதான் வணக்கம் வைக்கும். முட்டையிலேருந்து வளர்த்துப் பழக்கினவன் எனக்குத் தெரியாதா?"