சாணியில் விழுந்த இன்ஹேலர்

பிரமிளா மாட்டுக் கொட்டகையின் படலை உதைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறாள். கூரை இடுக்கு வழியாக இறங்கும் புத்தூர் வெயிலில் வைக்கோல் தூசி புகைமாதிரிச் சுழல்கிறது. அதற்கு நடுவே அவள் புருஷன் முனிசேகர், ஐந்து வயது மகள் தன்விகாவைத் தோளைப் பிடித்து அழுத்திச் சாணியில் உட்காரவைத்திருக்கிறான். குழந்தை திமிறுகிறாள். விலா குழிந்து குழிந்து எழ, மூச்சு விசிலடிக்கிறது. “மாட்டாண்ட வளர்ற புள்ளைங்களுக்கு வீசிங்கே வராதாம் பிரமிளா, வீடியோவுல டாக்டரே சொல்றாரு. நீதான் திருப்பதி ஃபிளாட்டுல சானிடைசர் ஊத்தி ஊத்தி வளத்துக் கெடுத்துட்ட. கொஞ்சம் பொறு, பழகிடும்!” என்கிறான். “அதுங்க பொறந்ததுலருந்து மாட்டாண்டயே கெடக்குதுங்கடா! இவ இன்னிக்குத்தான்டா வர்றா. எம்புள்ளயக் கொன்னுக்கினு கீறியே!” என்று அலறி, காலில் தட்டுப்பட்ட பால் கேனைத் தூக்கி அவன் முகத்தில் அறைகிறாள். உதடு கிழிந்து ரத்தம் வைக்கோலில் தெறிக்கிறது. பசு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்க்கிறது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கைப்பையைக் கிழிக்காத குறையாகத் திறக்கிறாள். வெளியே இழுத்த வேகத்தில் இன்ஹேலர் நழுவிச் சாணியில் விழுகிறது. எடுத்தால், வாயில் வைக்கிற முனை முழுக்க ஈரச் சாணி. தரையில் விழுந்த ஸ்பூனைக்கூடக் கொதிநீரில் போடாமல் மகளுக்குக் கொடுக்காதவள் அவள். குழந்தையின் உதடு நீலம் பாய்கிறது. தண்ணீர்த் தொட்டி வெளியே, தெருவோரம் இருக்கிறது. பிரமிளா அந்த முனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சி, சாணியைப் புருஷன்மேல் துப்பிவிட்டு, மகளின் வாயில் திணிக்கிறாள். “இழுடி, கண்ணு. இழு.”