லண்டனிலிருந்து ஐந்து கோடி

கேம்ப் ரோட்டில் ஜமீர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு ரிட்டயர்ட் வாத்தியார் ஞானையா இன்றும் வந்து, அதே மெயிலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

'ஞானையா என்ற கடைசிப் பெயர் கொண்ட இன்ஜினீயர் லண்டனில் கார் விபத்தில் இறந்துவிட்டார். வாரிசு இல்லை. அதே பெயருள்ள தாங்கள் தொடர்புகொண்டால் ஐந்து கோடி தங்களுக்கே.'

"இன்னும் அத்தயே பாத்துகினு கீறீங்களா சார்? நம்ம பேரையே போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புறானுங்க. எனக்கு வந்த மெயில்ல செத்தது மிஸ்டர் ஜமீர்!"

சென்டரே சிரித்தது.

"நிச்சயமா ஃப்ராடுதானாப்பா?"

"சத்தியமா சார்."

"ஒருவேளை உண்மையா இருந்துட்டா?"

இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று ஜமீருக்குப் பேஜாராகிவிட்டது. மனுஷன் பேங்க் அக்கவுன்ட் நம்பரைக் கொடுத்துவிடப் போகிறாரே என்று எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். ஞானையா ஒற்றை விரலால் பதில் அடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார். உங்க பேர்ல எவனோ இருந்தா உங்களுக்கு இன்னா?"

"நமக்கு ஏதுப்பா குடும்பப் பேரு? அப்பா பேரைத்தானே பின்னால போட்டுக்கிறோம். ஆஸ்டின் பாஸ்போர்ட்ல என் பேருதான் இருக்கு."

"ஆஸ்டின் யாரு சார்?"

"என் பையன். சண்டை போட்டுட்டு லண்டன் போனவன். ஆர்குட்ல தேடினேன். எத்தனையோ ஆஸ்டின் இருக்காங்க, அவன் மட்டும் இல்ல."

ஜமீர் திரையைப் படித்தான்.

'ஐயா, பணம் வேண்டாம். எந்தக் கல்லறை என்று மட்டும் எழுதவும்.'